மண்டபத்துக்கு ஏழு பேர்

வாசலில் திடீரென்று ஹாரன் அலறியது. கையை எடுக்காமல் அழுத்திய மாதிரி அப்படி ஒரு நீளம்.

தரையில் விரித்த சார்ட் பேப்பரின் மேல் குப்புறப் படுத்துக் கடலுக்கு நீலம் தீட்டிக்கொண்டிருந்த கயல்விழி துள்ளி எழுந்தாள். கையிலிருந்த ஸ்கெட்ச் பேனா வேம்பாருக்குப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டது.

“போச்சு! ரோடு கடலுக்குள்ள போயிருச்சு” என்றான் அவள் அப்பா பிரான்சிஸ்.

“நல்லதாப் போச்சு. படகு வேண்டாம், வேன்லயே தீவுக்குப் போயிரலாம்” என்று சிரித்தபடி அருள்குமார் வாசலுக்கு எழுந்தான்.

1997 ஏப்ரல், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். கணபதியில் அருள்குமாரின் வீடு. முன்பக்கம் மோட்டார் பம்புக்கு உதிரிபாகம் கடையும் லேத் பட்டறை, பின்பக்கம் குடியிருப்பு. பட்டறைக்குச் சரக்கு ஏற்றும் பழைய மெட்டடார் வேனில் சீட்டு பூட்டி, மே மாதம் இரண்டு குடும்பமும் சேர்ந்து மண்டபம் போவதாகத் திட்டம். அருள்குமார் வீட்டில் நாலு பேர்: அவன், மனைவி லோகப்பிரியா, மகள் எழில், கைக்குழந்தைப் பருவம் தாண்டி இப்போதுதான் ஓடப் பழகிய மகன். பிரான்சிஸ் வீட்டில் மூன்று பேர்: அவன், மனைவி கிருபா, மகள் கயல்விழி. ஆக ஏழு.

யோசனை மொத்தமும் கயல்விழியுடையது. ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்காக மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவைப் பற்றி எழுதப் போய், கடல்பசு, பவளப்பாறை என்று அந்தப் பிள்ளைக்கு ஒரு வருடமாக வேறு பேச்சே இல்லை. கடலை அவள் பார்த்ததில்லை. “அதுக்கென்ன கண்ணு, நான் கூட்டிட்டுப் போறேன்” என்று அருள்குமார்தான் வாக்குக் கொடுத்தான். கணபதி தபால் ஆபீஸில் கிளார்க்காக இருக்கும் பிரான்சிஸ், தீவுப் பக்கம் படகில் போக அனுமதி கேட்டு ராமநாதபுரம் வன அலுவலகத்துக்கு ரிஜிஸ்டர் தபாலே போட்டுவிட்டான்.

வாசலில் புத்தம் புது டாடா சுமோ நின்றது. நம்பர் பிளேட்டில் பெயிண்ட் காயவில்லை. டிரைவர் சீட்டிலிருந்து இறங்கியவர் லோகப்பிரியாவின் அண்ணன் ரங்கராஜ். சென்னிமலையில் பெட்ஷீட் தறிகள் வைத்திருப்பவர்.

“வாங்க மச்சான். சொல்லவே இல்லீங்களே!”

“சொல்லிட்டு வந்தா லோகு மூஞ்சி இப்பிடிப் பூக்குமா, மாப்ளே?” என்று உள்ளே வந்தவர் சார்ட்டைப் பார்த்ததும் நின்றார். “இதென்ன, ரோடு போடற காண்ட்ராக்ட் எடுத்திருக்கீங்களா?”

எழில் முந்திக்கொண்டாள். “கயலக்கா வரைஞ்சது மாமா! நாங்க மண்டபம் போறோம். இங்கிருந்து பல்லடம், தாராபுரம், திண்டுக்கல், மதுரை. மொத நாளு தூத்துக்குடில தூங்கறோம். ரெண்டாம் நாளு முழுக்கக் கடலோரமாவே போறோம்!”

உண்மையிலேயே அழகான சார்ட். வேம்பார், சாயல்குடி, ஏர்வாடி, கீழக்கரை என்று கரையோரம் முழுவதும் ஊர்ப் பெயர்கள். எங்கே இளநீர் கிடைக்கும், எங்கே ரோடு கடலைத் தொட்ட மாதிரி போகும், எங்கே வெயிலுக்கு நிழல் உண்டு என்று ஓரத்தில் குறிப்புகள். அவளுடைய டீச்சரின் சொந்த ஊர் கீழக்கரையாம். கேட்டுக் கேட்டு எழுதியிருந்தாள். மூலையில் ஒரு வேன் படம், உள்ளே ஏழு வட்டம், வட்டத்துக்குள் பெயர்கள். அருள்குமார் வீட்டு நாலு பெயரும் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் பளிச்சென்று இருந்தன. மற்ற மூன்றுக்கும் இன்னும் நிறம் கொடுக்கவில்லை.

ரங்கராஜ் குனிந்து படித்தார். நிஜமாகவே வியந்துவிட்டார்.

“சபாஷ் கண்ணு! ஆனா அந்த மெட்டடாரை நம்பியா கடலுக்குப் போறீங்க? அது பல்லடம் தாண்டினா நான் மொட்டை போட்டுக்கறேன். நம்ம சுமோ இருக்குதல்ல? பத்துப் பேர் தாராளமாப் போலாம். நானும் கனகமும் பையனும் வந்தர்றோம்.”

பத்து. அருள்குமார் மனதுக்குள் கூட்டினான். நாலு, மூன்று, மூன்று. கச்சிதம். கயல்விழியின் கண் விரிந்தது.

“சுமோலயாங்க மாமா?” என்று அருள்குமாரைப் பார்த்துக் கேட்டாள்.

“மாமாவா?” ரங்கராஜின் புருவம் லேசாக ஏறியது. முகத்தில் சிரிப்பு மாறவில்லை. “நீ எந்தூரு அம்மணி? உங்க தாத்தன் பேரென்ன?”

“பெருந்துறைப் பக்கமுங்க. தாத்தா பேரு காளிச்சாமிங்க.”

“ஊருக்குள்ளயா, காலனியா?”

கயல்விழி அப்பா பக்கம் திரும்பினாள்.

“காலனிங்க” என்றான் பிரான்சிஸ். தபால் ஆபீஸில் பின்கோடு சொல்வது போலச் சொன்னான். பிறகு சார்ட்டைச் சுருட்ட ஆரம்பித்தான். “நேரமாச்சு கயலு. கெளம்பலாம்.”

“அட, இருங்க. சாப்பிட்டுப் போலாமுங்க” என்றார் ரங்கராஜ், மிகுந்த மரியாதையோடு.

அருள்குமார் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பிரான்சிஸின் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சாயங்காலம் கிளம்பும்போது ரங்கராஜ் சுமோவின் கதவைத் திறந்தபடி, குரலைத் தாழ்த்தினார்.

“மாப்ளே, தப்பா நெனைக்காதீங்க. நல்ல மனுசந்தான், நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா நாலு நாளு ஒரே வண்டி, ஒரே ரூமு, ஒரே கட்டுச்சோறு. கனகம் சங்கடப்படுவா. நம்ம ஆளுகளாப் போனா செரியா இருக்கும். அவிய மனசு நோவாம நீங்களே பக்குவமாச் சொல்லிப்போடுங்க.”

“செரிங்க மச்சான்.”

வாயிலிருந்து அந்த இரண்டு வார்த்தை எப்படி வந்தது என்று அருள்குமாருக்கே தெரியவில்லை. சுமோ தெருமுனை திரும்பும்வரை கையை ஆட்டிக்கொண்டு நின்றான்.

மறுநாள் பேக்கரியில் வழக்கம் போல இரண்டு டீ. பதினெட்டு வருடமாக நடக்கிற டீ.

“பிரான்சிசு, ஒரு சேதி. மெட்டடாருக்கு இஞ்சினை இறக்கோணும்னு மெக்கானிக் சொல்லிப்போட்டான். ஒரு மாசம் ஆவுமாம்.”

“அப்பிடிங்களா? மச்சானுங்க வண்டி?”

“அவருக்கும் என்னமோ சோலி. இந்த வருசம் பயணம் வேண்டாம்னு வெச்சாச்சு.”

பிரான்சிஸ் தேங்காய் பன்னைப் பாதியாகப் பிய்த்து, பெரிய பாதியை வழக்கம் போல அருள்குமாரின் பக்கம் நகர்த்தினான்.

“அதுக்கென்னங்க. கடல் எங்க போவுது? அடுத்த வருசமும் அங்கயேதான் இருக்கும்.”

அருள்குமார் பன்னை மெல்லாமல் வாயில் போட்டுக்கொண்டான். டீயைக் குடித்து இறக்கினான்.

வீட்டில் லோகப்பிரியாவிடம் வேறு பொய். “பிரான்சிசுக்கு லீவு கெடைக்கலையாம். ஆபீசுல ஆடிட்டாம். அவங்க வரலை.”

“அடப்பாவமே. அந்தப் புள்ளதானுங்க துடியாத் துடிச்சுது?” என்றாள் அவள். பிறகு அண்ணன் குடும்பத்தோடு போகும் சந்தோஷத்தில் பட்டியல் போட உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு பொய்யும் ஒன்றையொன்று சந்திக்காதவரை ஆபத்தில்லை என்று அருள்குமார் கணக்குப் போட்டான். கணக்கில் ஒன்றை விட்டுவிட்டான்.

சித்திரை ஒன்றாம் தேதி சென்னிமலையில் சுமோவுக்குப் பூசை நடந்தது. மாலை போட்டு, சந்தனம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார்கள். வண்டிப் பூசைப் பிரசாதத்தைத் தனியாக வைத்துக்கொண்டு தின்னக்கூடாது. பயணம் போகும் முன் நெருங்கின நாலு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, ‘போயிட்டு வாரோம்’ என்று சொல்லிவிட்டு வர வேண்டும். அது லோகப்பிரியாவின் பிறந்த வீட்டு வழக்கம். மறுநாள் அருள்குமார் மதுக்கரைக்குச் சரக்கு கொடுக்கப் போயிருந்தபோது அவள் பஞ்சாமிர்த டப்பாக்களோடு கிளம்பினாள். முதலில் போனது பிரான்சிஸ் வீட்டுக்கு.

சாயங்காலம் அவன் திரும்பியபோது, அடுப்பங்கரை விளக்கைக்கூடப் போடாமல் நின்றிருந்தாள்.

“ஏனுங்க, நீங்க அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?”

“யாருகிட்ட?”

“கிருபாக்காகிட்ட பிரசாதத்தைக் குடுத்து, ‘நாங்க மே எட்டாந் தேதி கெளம்பறோமுங்க, பிரான்சிசண்ணனுக்கு லீவு கெடைச்சிருந்தா நல்லாருக்கும்’னு சொன்னேன். அந்தக்கா ஒரு நிமிசம் என்னையே பாத்துச்சு. அப்புறம் சிரிச்சுட்டு, ‘நல்லபடியாப் போயிட்டு வாங்க அம்மணி’ன்னுச்சு. உள்ள ரூம்புல அந்தப் புள்ள இருந்துச்சு. வெளிய வரவே இல்ல.”

அருள்குமார் சட்டைப் பித்தானைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தான்.

“எங்கண்ணனா?” என்றாள் லோகப்பிரியா.

அவன் தலையை மட்டும் அசைத்தான்.

“எங்கண்ணன் அப்பிடித்தான். எனக்குத் தெரியாதா? சென்னிமலைல பொறந்து வளந்தவ நான். ஆனா அவரு சொன்னா உங்களுக்கு வாய் இல்லீங்களா? எம்பேருக்கும் சேர்த்தல்ல கெட்ட பேரு வாங்கி வெச்சிருக்கீங்க? போங்க. போய் உள்ளதைச் சொல்லி அவங்களைக் கூப்புடுங்க. சுமோ வேண்டாம். மெட்டடாருக்கு என்ன, கல்லாட்டம் இருக்குது.”

“நாளைக்குப் போறேன்.”

மறுநாள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. போகாமலே பார்க்க முடிந்ததுதான் கொடுமை. தினமும் பேக்கரியில் பிரான்சிஸ் வந்து நின்றான். டீ சொன்னான். பன்னைப் பிய்த்தான், பெரிய பாதியை நகர்த்தினான். வெயிலைப் பற்றிப் பேசினான், சிறுவாணித் தண்ணீர் வராததைப் பற்றிப் பேசினான். மண்டபத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முகத்தில் ஒரு சுணக்கம், குரலில் ஒரு குத்தல் இருந்திருந்தால்கூட அருள்குமார் அதைப் பிடித்துக்கொண்டு பேச்சை ஆரம்பித்திருப்பான். அவன் அந்த இடத்தைக் கொடுக்கவே இல்லை.

ஒரு நாள் அருள்குமார் தானாகவே, “கயல் எப்பிடி இருக்குது?” என்று கேட்டான்.

“நல்லாருக்குதுங்க. லீவுல டைப்ரைட்டிங் போவுது” என்று சொல்லி பிரான்சிஸ் டீ கிளாஸை வைத்தான். அவ்வளவுதான்.

பட்டறையில் வேலை ஓடவில்லை. அளவு தப்பி இரண்டு ஷாஃப்ட் வீணாகிப்போனது. எழில் வேறு, “கயலக்கா இல்லாம கடல்பசுவை யாரு காட்டுவாங்க?” என்று காலைச் சுற்றினாள். அவளை ஒரு அதட்டு அதட்டினான். பிறகு அதற்கும் சேர்த்து வருந்தினான்.

மே மூன்றாம் தேதி ரங்கராஜிடமிருந்து ஃபோன்.

“மாப்ளே, எல்லாம் ரெடி. ஒண்ணே ஒண்ணுதான். தீவுக்குப் போறதுக்கு லெட்டர் வேணுமாமே? விசாரிச்சேன். அது இல்லாம படகு ஏத்த மாட்டாங்களாம். உங்க ஆளு எழுதிப் போட்டாருல்ல? வந்திருந்தா வாங்கி வெச்சுருங்க. அப்பிடியே அந்தப் புள்ள வரஞ்ச சார்ட்டையும். வழியெல்லாம் நல்லா எழுதியிருந்துச்சு.”

அருள்குமார் ரிசீவரைப் பிடித்தபடி நின்றான். அவர் குரலில் கள்ளமே இல்லை. கேட்டால் கொடுப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். வாழ்நாளில் வேறெதுவும் கூசவைத்திராத அளவுக்கு அந்த நிச்சயம் அவனைக் கூசவைத்தது.

“கேக்கறேனுங்க மச்சான்” என்றான், பழக்கத்தில்.

ஸ்கூட்டரை எடுக்கும்போது லோகப்பிரியா வாசலுக்கு வந்தாள். “எதுக்குப் போறீங்க? வாங்கறதுக்கா, கூப்புடறதுக்கா?”

“கூப்புடறதுக்கு.”

“சத்தியமா?”

“சத்தியமா. மச்சான்கிட்ட நானே பேசிக்கறேன்.”

வழி நெடுக வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனான். தபால் ஆபீஸுக்குப் பின்தெருவில் வரிசை வீடுகளில் மூன்றாவது. எத்தனையோ முறை வந்திருக்கிறான். ஆனால் எப்போதும் ஸ்கூட்டரை அணைக்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, “நேரமாச்சு பிரான்சிசு, அப்புறம் வாரேன்” என்று வாசலோடு திரும்பிவிடுவான். பதினெட்டு வருடத்தில் அந்தப் படியைத் தாண்டியதில்லை. இன்றைக்கு ஸ்கூட்டரை அணைத்தபோதுதான் அதுவே நினைவுக்கு வந்தது. அப்படியானால் ரங்கராஜ் வாயால் சொன்னதை இவன் ஸ்கூட்டரால் சொல்லிக்கொண்டிருந்தானா?

“வாங்க, வாங்க. உள்ள வாங்க” என்று பிரான்சிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டான். அவன் முகத்தில் ஆச்சரியம் வந்து உடனே மறைந்தது.

கிருபா காபி கொண்டுவந்தாள். அருள்குமார் வாங்கி, சூடு ஆறும் முன்பே குடித்தான். நாக்கு பொத்துப்போனது.

கிருபா மறுபடி உள்ளே போய் ஒரு டப்பாவோடு வந்தாள். லோகப்பிரியா பஞ்சாமிர்தம் கொடுத்த அதே டப்பா.

“லோகுகிட்டக் குடுத்துருங்க. வெறுங்கையாத் திருப்பித் தரக்கூடாதுங்களே, முறுக்கு சுட்டு வெச்சிருக்கறேன். வழிக்கு ஆவும். கொழந்தைக மெல்லட்டும்.”

டப்பா கனத்தது. மூடி வரை நிறைத்திருந்தாள்.

“பிரான்சிசு” என்றான் அருள்குமார். அடுக்கி வைத்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. “நான் உங்கிட்டப் பொய் சொல்லிப்போட்டேன்.”

“எதைங்க?”

“மெட்டடாரு இஞ்சினு...”

“தெரியுமுங்க” என்று பிரான்சிஸ் புன்னகைத்தான். “தெனமும் பம்பு காஸ்டிங் ஏத்திட்டு எங்க ஆபீசு முன்னாடிதானுங்க போவுது. இஞ்சினை இறக்கின வண்டி அந்த ஓட்டம் ஓடுமா?”

கிருபா சிரிப்பை முந்தானையில் மறைத்துக்கொண்டு உள்ளே போனாள். அருள்குமாருக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

“அப்ப மொத நாளே தெரியுமா?”

“உங்க மச்சானுங்க ஊரு கேட்டப்பவே தெரியுமுங்க. விடுங்க. அவரு வண்டி, அவரு இஷ்டம். நடுவுல நீங்க என்ன பண்ணுவீங்க?” என்று எழுந்து, அலமாரியிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து வந்தான். “லெட்டர் வந்து பத்து நாளாச்சு. நீங்க கேப்பீங்கன்னு எடுத்து வெச்சிருந்தேன். ஏழு பேருன்னு மட்டும்தான் போட்டிருக்காங்க. பேரெல்லாம் கேக்கலை. எனக்குப் பதிலா நீங்க வர்றதா ஒரு லெட்டரும் எழுதிக் கையெழுத்துப் போட்டு உள்ள வெச்சிருக்கறேன். தொந்தரவு இருக்காது.”

ஏழு பேர். ரங்கராஜ் வீட்டு மூன்றும் தன் வீட்டு நாலும். அதுவும் கச்சிதமாகத்தான் இருந்தது.

“அதுக்கு வரலை நானு” என்று அருள்குமார் சத்தமாகவே சொன்னான். “உங்களைக் கூப்புட வந்தேன். மெட்டடார்லயே போலாம். நாம ஏழு பேரும். மச்சான்கிட்ட இன்னிக்கே சொல்லிடறேன்.”

பிரான்சிஸ் உறையின் ஓரத்தை நகத்தால் நீவிக்கொண்டிருந்தான்.

“நீங்க கூப்புட்டதே போதுமுங்க” என்றான் கடைசியில், மெதுவாக. “நாங்க வந்து, அதனால உங்களுக்கும் அவருக்கும் மொகம் கோணிச்சுன்னா, அந்தப் பழியும் எங்க மேலதானுங்க வந்து உழுவும்.”

அப்போது உள் அறைத் திரை விலகியது. கயல்விழி வந்தாள். கையில் சுருட்டிய சார்ட். ரப்பர் பேண்ட் போட்டிருந்தாள்.

“முடிச்சுட்டேனுங்க மாமா. உங்க மச்சான் அன்னிக்கே இதைப் பாத்து நல்லாருக்குன்னாருல்லீங்க?”

அவன் வாங்கி மடிமேல் விரித்தான். கடல் முழுவதும் நீலம். ஹாரன் சத்தத்தில் இழுத்துக்கொண்ட கோட்டை ஒரு படகாக மாற்றியிருந்தாள். சாயல்குடிக்கு நேராகப் புதுக் குறிப்பு: ‘சின்னக் குழந்தைகளுக்கு மோர் கிடைக்கும்.’ தீவுக்குப் பக்கத்தில் ஒரு கடல்பசு, அதன் கீழே: ‘காலையில் சீக்கிரம் போகவும். சத்தம் போட்டால் வராது.’

மூலையில் இருந்தது இப்போது மெட்டடார் இல்லை. சுமோ. உள்ளே ஏழு வட்டம். ஏழிலும் நிறம். அருள்குமார், லோகப்பிரியா, எழில், தம்பி. அதன் பக்கத்தில் அதே சிவப்பில், அதே அழகான எழுத்தில்: ரங்கராஜ் சார், கனகம் மேடம், அவர்கள் பையன்.

அருள்குமார் அந்த மூன்று வட்டத்தையும் விரலால் தடவிப் பார்த்தான். அடியில் வேறு பெயர்கள் இருந்த சுவடே தெரியவில்லை.

“அந்தப் பேனாவை எடு கண்ணு. இந்த மூணையும் அழிச்சுட்டு உங்க பேரை எழுது. இப்பவே எழுது. எம்முன்னாடி.”

கயல்விழி அப்பாவை ஒரு முறை பார்த்தாள். பிறகு, ஏதோ சின்னப் பிள்ளைக்கு விளக்குவது போலப் பொறுமையாகச் சொன்னாள்:

“ஸ்கெட்ச் பேனாவுல எழுதினது அழியாதுங்க மாமா; எங்க பேரைத்தான் மொதல்ல இருந்தே பென்சில்ல எழுதி வெச்சிருந்தேன்.”